உண்ணாவிரத மிதவை

தியாகத் திலகம் அமுதவாணன் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பதென்று முடிவெடுத்ததும் முதலில் ஆள் அனுப்பியது மருந்து விஞ்ஞானி பரஞ்சோதிக்குத்தான். சாகாமல் அதை எப்படிச் செய்து முடிப்பது என்பதில் தலைவருக்குச் சில சந்தேகங்கள் இருந்தன.

பரஞ்சோதி அப்போது சென்னைக்குத் தெற்கே ஒரு மருந்துக் கம்பெனியில் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்தார். தன் வாலிபத்தின் நல்ல பகுதியை ஒரே ஒரு மாத்திரைக்குச் செலவழித்திருந்தார். காசநோய்க்காரர்கள் இருமல் நின்றதும் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். நோய் முன்னைவிட முரட்டுத்தனமாகத் திரும்பி வருகிறது. ஒருமுறை விழுங்கினால் ஒரு மாதம் வயிற்றிலேயே தங்கி, மருந்தைத் தானே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிற மாத்திரை ஒன்று இருந்தால் எப்படி இருக்கும் என்பது அவர் கனவு. கனவு பலித்தது. ஆனால் காசநோய்க்காரர்கள் பெரும்பாலும் ஏழைகள் என்ற மாபெரும் உண்மையைக் கம்பெனி நிர்வாகம் அதற்குப் பிறகுதான் கண்டுபிடித்தது. மாத்திரை அலமாரிக்குப் போனது. அலமாரியிலிருந்து அதை வெளியே எடுத்த புண்ணியம் அமுதவாணனுக்கே சேரும்.

பரஞ்சோதி போய்ச் சேர்ந்தபோது தலைவர் காலைச் சிற்றுண்டியில் இருந்தார். இடியாப்பம், ஆட்டுக்கால் பாயா, முட்டைத் தொக்கு.

"உக்காருங்க டாக்டர். சாதாரண மாத்திரைக்கும் உங்க மாத்திரைக்கும் என்ன வித்தியாசம்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"சாதாரண மாத்திரை வயித்துல ரொம்ப நேரம் தங்காதுங்க ஐயா. வயித்துக்குக் கீழ்ப்பக்கம் ஒரு வாசல் இருக்கு, அது வழியா குடலுக்குப் போயிடும். எங்களோடது மிதக்கும், அதனால மிதவைன்னு பேர். புளிச்ச மாவுல குமிழி கட்டுதில்லையா, அந்த மாதிரி வயித்து அமிலம் பட்டதும் உள்ளே வாயு உண்டாகி, பந்து மாதிரி உப்பிக்கிட்டு மேலேயே நிக்கும். வாசல் கீழே, இது மேலே. வெளியே போகவே போகாது. இருந்த எடத்துலேயே மருந்தைக் கசிய விட்டுக்கிட்டு இருக்கும்."

"மந்திரி மாதிரின்னு சொல்லுங்க. மேலேயே மிதப்பான், வாசல் பக்கமே வர மாட்டான்." அமுதவாணன் தானே சிரித்துக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் அவரைவிடச் சத்தமாகச் சிரித்தார்கள். "அதுக்குள்ள பசியை அடக்கற மருந்தை வெக்கலாமா?"

"வெக்கலாம். உடம்பு தன் கொழுப்பைச் சிக்கனமா செலவழிக்க வைக்கற மருந்தும் இருக்கு. ரெண்டையும் சேத்துட்டா வெறும் தண்ணியிலேயே ஒரு மாசம் தெம்பா உக்காந்திருக்கலாம். ஆனா ஐயா, இது நோயாளிகளுக்காகப் பண்ணினது..."

"நாடே நோயாளிதான் டாக்டர்."

பரஞ்சோதி மாத்திரைக்கே திரும்பினார். "அடிக்கடி தண்ணி குடிக்கணும், அப்பத்தான் மிதக்கும். இன்னொரு சங்கடம், உள்ளே வாயு இருக்கறதால கொஞ்சம் ஏப்பம் வரும்."

"அதை நாங்க பாத்துக்கறோம். உங்களுக்கு என்ன வேணும்?"

"காசநோய் மிதவையை அரசாங்க ஆஸ்பத்திரியில இலவசமா குடுக்கணுங்க ஐயா. வேற எதுவும் வேண்டாம்."

"நான் பதவியேத்ததும் முதல் கையெழுத்தே அதுக்குத்தான்," என்றார் அமுதவாணன், எலும்பைத் தட்டில் வைத்துவிட்டு. அத்தனை வருடம் ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே இருந்த மனுஷன் பரஞ்சோதி. நம்பிவிட்டார்.

அந்த உண்ணாவிரதம் எதற்காக நடந்தது என்பது இன்றைக்கு யாருக்கும் சரியாக நினைவில்லை. ஆற்று நீர் என்கிறார்கள் சிலர். மொழி என்கிறார்கள் சிலர். ஆனால் அதன் உச்சக்கட்டம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. நாடு முழுக்க நேரலையில் பார்த்துக்கொண்டிருக்க, வாடிய முகத்தோடு மைக்கைப் பிடித்து "என் உயிரினும் மேலான..." என்று ஆரம்பித்த தலைவர், அந்த இடத்தில் நீண்டதொரு ஏப்பம் விட்டார். கல்யாணப் பந்தியில் மூன்றாவது பாயசத்துக்கு அப்புறம் வருகிற ஏப்பம். பந்தல் ஒரு கணம் திகைத்தது. மறுநாளே கட்சியின் இலக்கிய அணி அதற்கு விளக்கம் வெளியிட்டது. அது ஏப்பம் அல்லவாம், காலியான குடலின் கதறலாம். ஒரு கவிஞர் அதை வைத்து நூறு வரி எழுதினார். மகளிர் அணியில் பலர் அழுதார்கள்.

தேர்தலில் அமுதவாணன் ஜெயித்தார். முதல் கையெழுத்தை ஒரு மேம்பாலத்துக்குத் தன் தகப்பனார் பெயரைச் சூட்டுவதற்காகப் போட்டார். இரண்டாவது கையெழுத்தாவது காசநோய்க்கு வரும் என்று பரஞ்சோதி காத்திருந்தார். கம்பெனி காத்திருக்கவில்லை. 'விரதமித்திரன்' என்று பெயர் வைத்துப் பசி மிதவையைக் கடைக்கு அனுப்பியது. விழுங்க முடியாதவர்களுக்காகக் குடிக்கிற மாதிரி ஒன்றும் வந்தது. தண்ணீரில் கலந்து குடித்தால் வயிற்றுக்குள் போய்த்தான் உறைந்து மிதக்கும்; ஏப்பமும் அவ்வளவாக வராது. சஷ்டி விரதக்காரர்கள் வாங்கினார்கள். கல்யாணத்துக்கு முன் இளைக்க வேண்டிய பெண்கள் வாங்கினார்கள். பிறகு ஆரம்பித்தது உண்ணாவிரத வெள்ளம். பேருந்து ஓட்டுநர்கள், வழக்கறிஞர்கள், குடியிருப்பில் லிஃப்ட் வேண்டும் என்கிறவர்கள் என்று எல்லோரும் சாகும்வரை உட்கார்ந்தார்கள். யாரும் சாகவில்லை. மாலை நேரத்தில் எந்தப் பந்தலைக் கடந்தாலும் தவளைகள் மாதிரி ஏப்பம் கேட்டது.

உண்ணாவிரதத்தை அமுதவாணனைவிட நன்றாக அறிந்த முதல்வர் யார் இருக்க முடியும்? அவர் ஒரு சட்டம் கொண்டுவந்தார். இனி ஊருக்கு வெளியே அரசு ஒதுக்கிய திடலில் மட்டுமே உண்ணாவிரதம். வயிற்றை ஸ்கேன் செய்து, மிதவை இல்லை என்று அரசுக் குழு சான்றிதழ் கொடுத்தால்தான் கோரிக்கை பரிசீலிக்கப்படும். குழுவின் தலைவர் பரஞ்சோதி. அது பரிசா தண்டனையா என்று அவருக்கு விளங்கவில்லை. காசநோய் கோப்பு நகர்வதற்கு மேலிடத்துக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது என்று மனைவியிடம் சொன்னார்.

திடலுக்கு எதிரே வரிசையாக நான்கு பிரியாணிக் கடைகள். இடத்தைத் தேர்ந்தெடுத்தவரின் நகைச்சுவை உணர்வைப் பரஞ்சோதி ஒவ்வொரு முறையும் மெச்சிக்கொண்டார். வந்து உட்கார்ந்த ஒவ்வொருவரின் வயிற்றிலும் தன் மிதவையைப் பார்த்தார். "இருக்கு" என்று எழுதினார். காலியான வயிறு ஒன்றுகூட அவர் கண்ணில் படவில்லை.

அந்தத் திடலில்தான் மாரிக்கண்ணு வந்து உட்கார்ந்தாள்.

அரக்கோணம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சத்துணவு சமைக்கிறவள். அவள் மகன் முகிலன், தோல் தொழிற்சாலையின் கழிவுத் தொட்டிக்குள் இறக்கிவிடப்பட்டு, விஷவாயு தாக்கி மேலே வராமலே போனான். இறக்கிவிட்ட ஒப்பந்தக்காரர் கதிரேசன், முதல்வரின் மைத்துனர். பையன் தானாகத் தவறி விழுந்தான் என்று வழக்கை முடித்துவிட்டார்கள். கதிரேசனைக் கைது செய்யவேண்டும் என்பது மட்டும்தான் மாரிக்கண்ணுவின் கோரிக்கை.

சட்டசபையில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் இதைக் கிளப்பினார். முதல்வர் எழுந்து, "மாத்திரையை எந்தக் கடையில வாங்கினாங்கன்னு விசாரிச்சீங்களா?" என்று கேட்டார். சபையில் சிரிப்பு. அவைக்குறிப்பிலும் 'சிரிப்பு' என்றே பதிவானது. தொலைக்காட்சிக்காரர்கள் அவள் எப்போது ஏப்பம் விடுவாள் என்று காமிராவை நிறுத்திவைத்துக் காத்திருந்தார்கள்.

ஒரு வாரம் கழித்துப் பரஞ்சோதி ஸ்கேன் கருவியோடு போனார். அவருக்கு ஒரு வைராக்கியம் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்தால் ஏமாற்றுகிற முகமாகத் தெரியவில்லை. இந்த ஒரு வயிறாவது காலியாக இருந்துவிட்டால் ஊரைக் கூட்டிச் சொல்லவேண்டும், அத்தோடு குழுவிலிருந்து விலகிவிடவேண்டும். துணித் தடுப்புக்குள் மாரிக்கண்ணு படுத்திருந்தாள். மகள் சுடர்க்கொடி, நர்ஸ் படிப்பு முடித்தவள், தலைமாட்டில் நின்றாள்.

"வலிக்குதாம்மா? மயக்கம் ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல சார். மொத ரெண்டு நாள் உயிர் போற மாதிரி பசிச்சுது. எதிர்க்கக் கடை வேற. அப்புறம் திடீர்னு பசியே நின்னுபோச்சு." அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. "சின்னதுல எம்புள்ள அவன் தட்டுலேர்ந்து எனக்கு ஊட்டி விடுவான் சார். அம்மா பசி தாங்க மாட்டான்னு அவனுக்குத் தெரியும். வந்துட்டான். அவன்தான் இங்க வந்து உக்காந்திருக்கான்." வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

பரஞ்சோதி கருவியை அந்த இடத்தில் வைத்தார். திரையில் வயிற்றின் மேல் விளிம்பில், உருண்டையாக, அழகாக, மிதந்துகொண்டிருந்தது அவருடைய படைப்பு.

அவர் வெளியே வந்து தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் நின்றார். சுடர்க்கொடி ஓடி வந்தாள்.

"சார், அம்மாவுக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. ரெண்டாவது நாள் சாயங்காலம் மயங்கி விழுந்துட்டாங்க. தண்ணியில கலந்து நான்தான் குடுத்தேன்."

"கேக்காமலா?"

"கேட்டா குடிப்பாங்களா சார்? அண்ணனைக் குடுத்தாச்சு. அம்மாவையும் குடுத்துட்டு நான் யார்கிட்ட போய் நிக்கறது?" அவள் அழவில்லை. அழுதிருந்தால் பரஞ்சோதிக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நீங்க 'இருக்கு'ன்னு எழுதுங்க. அம்மா ஊருக்கே பொய்க்காரி ஆயிடுவாங்க. அது பொய்னு நிரூபிக்க மறுபடி மொதல்லேர்ந்து உக்காருவாங்க. அந்தத் தடவை செத்துடுவாங்க. மனசு வந்தா எழுதுங்க சார்."

தடுப்புக்கு வெளியே மைக்குகள் காத்திருந்தன. பரஞ்சோதி போய் நின்றார். "வயிறு காலி," என்றார். "மிதவை எதுவும் இல்லை."

தலைவர் உண்ணாவிரதம் இருந்த காலத்தில் பரஞ்சோதி வாயை மூடிக்கொண்டு சொன்ன பொய் ஒன்று உண்டு. வாயைத் திறந்து சொன்னதில் இதுதான் முதல். சொன்னபோது குரல் நடுங்கியது. உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நாளிதழ்கள் எழுதின.

அதற்கப்புறம் நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. உண்மையிலேயே பட்டினி கிடக்கிற ஒருத்தியை ஜனங்கள் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. சாரிசாரியாக வந்தார்கள். பிரியாணிக் கடைக்காரர்களே ஷட்டரை இறக்கினார்கள். உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. கதிரேசனைக் கைது செய்தார்கள். பழரசம் கொடுத்து முடித்துவைக்க முதல்வரே வந்தார். எந்தக் கோணத்தில் தம்ளரைப் பிடித்தால் படம் நன்றாக வரும் என்பது அவருக்குத் தெரிந்த விஷயம். போகும்போது பரஞ்சோதியின் தோளில் கைபோட்டுக் காதோடு சொன்னார்: "காலியா இருந்துதா டாக்டர்? உங்க கண்ணு கெட்டுப்போச்சு. காசநோய் கோப்பை இப்போதைக்குத் தூக்கி வெச்சிடுவோம், என்ன?"

இத்தோடு முடிந்திருந்தால் பரஞ்சோதி தன் பொய்யை ஒரு நல்ல காரியமாகவே நினைத்துக்கொண்டு ஓய்வு பெற்றிருப்பார்.

சில வாரங்கள் கழித்துத் திண்டுக்கல் பக்கத்திலிருந்து சவரியம்மாள் என்றொருத்தி வந்து அதே திடலில் உட்கார்ந்தாள். அவள் மகன் ஆரோக்கியமும் வேறொரு தொழிற்சாலையின் தொட்டிக்குள்தான் இறந்திருந்தான். இறக்கிவிட்டவரைக் கைது செய்யவேண்டும் என்பதே அவள் கோரிக்கையும். அவளுக்குத் துணையாக, பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு மாரிக்கண்ணு வந்து பக்கத்திலேயே இருந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாக்கள் அவளைத் தேடிப் போக ஆரம்பித்திருந்தார்கள். அவள் எல்லோருக்கும் ஒரே வார்த்தைதான் சொன்னாள். ரெண்டு நாள் பல்லைக் கடிச்சுக்கோ, அப்புறம் உம்புள்ள வந்துடுவான், பசி தெரியாது.

பரஞ்சோதி ஸ்கேன் செய்தார். திரையில் எதுவும் இல்லை. கருவி கெட்டுவிட்டதோ என்று மறுபடியும் வைத்துப் பார்த்தார். வெறும் தண்ணீர், சுருங்கிய சுவர். சட்டம் வந்த நாளிலிருந்து அவர் பார்த்த முதல் காலி வயிறு. சவரியம்மாளின் உதடு வெடித்திருந்தது. கணுக்கால் வீங்கியிருந்தது. சிறுநீர் பிரிவதே ஏறக்குறைய நின்றுவிட்டிருந்தது.

"பசிக்குது அக்கா," என்றாள் அவள் மாரிக்கண்ணுவிடம், தப்பு செய்துவிட்டவள் மாதிரி. "இன்னும் பசிக்குது. உன் புள்ள மூணாவது நாளே வந்துட்டான். எம்புள்ள வரலியே. நான் சரியா நினைக்கலையோ?"

"வருவான் சவரி. இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ."

பரஞ்சோதி வெளியே போய் மைக்குகளிடம் "வயிறு காலி" என்றார். இந்தத் தடவை அது சத்தியம். ஆனால் அந்த வசனத்தை நாடு ஏற்கெனவே கேட்டுவிட்டது. செய்தி ஓடவில்லை. கோரிக்கை பரிசீலனையிலேயே கிடந்தது. "வேற எதாவது புதுசா இருக்கா சார்?" என்று ஒரு நிருபர் கேட்டார். கடைகளின் ஷட்டர் எதுவும் இறங்கவில்லை.

பரஞ்சோதி மாரிக்கண்ணுவை மட்டும் அரசு வண்டியின் மறைவுக்குக் கூப்பிட்டார். சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டார். மகள் கலந்து கொடுத்தது, தான் திரையில் பார்த்தது, பார்த்துவிட்டு இல்லை என்று சொன்னது எல்லாம்.

மாரிக்கண்ணு கேட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் எதிர்க்கடையில் பிரியாணி அண்டாவிலிருந்து எழுந்த ஆவியையே பார்த்தாள்.

"அப்போ எம்புள்ள வரலையா சார்?"

வயிற்றின் வாசல் எங்கே இருக்கிறது, வாயு எப்படி உண்டாகிறது என்றெல்லாம் முதல்வருக்கே விளக்கியவர் பரஞ்சோதி. இதற்கு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"இல்லம்மா," என்றார்.

அவள் முந்தானையால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டு நேராகத் தடுப்புக்குள் போனாள். பரஞ்சோதியும் பின்னால் போனார். வெளியே யாருக்குக் கேட்கும் என்றெல்லாம் அவள் பார்க்கவில்லை. "சவரி, எழுந்திரு. ரெண்டு வாய் கஞ்சி குடி. நான் உங்கிட்ட சொன்னது பொய். எனக்குப் பசிக்காம இருந்ததுக்கு மாத்திரைதான் காரணம். எம்பொண்ணு எனக்குத் தெரியாம குடுத்திருக்கா. புள்ள எல்லாம் வரமாட்டான். நீ செத்துடுவே."

சவரியம்மாள் எழுந்திருக்கவில்லை.

"எவ்வளவு குடுத்தாங்க அக்கா?"

"என்னது?"

"அரசாங்கத்துல. உனக்கு எவ்வளவு குடுத்தாங்க, என்னை எழுப்பறதுக்கு?" பேசவே தெம்பில்லாமல் மூச்சு வாங்கினாள். "உன் வயிறு காலின்னு இந்த சாரே டிவியில சொன்னாரு. நான் பாத்தேன். அப்போ அழுதுக்கிட்டே சொன்னாரு. நீ இப்படி மாறுவேன்னு நான் நினைக்கல அக்கா. நான் எழுந்திரிக்க மாட்டேன். எம்புள்ள வருவான்."

"நான் அப்போ சொன்னது பொய்ம்மா," என்றார் பரஞ்சோதி. அவர் தன் தொழிலில் இவ்வளவு தெளிவாக ஒரு வாக்கியத்தைச் சொன்னதில்லை.

"உங்களுக்கும் குடுத்துட்டாங்களா?" என்று சவரியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் மாரிக்கண்ணு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாமா என்று பரஞ்சோதி போனில் மேலிடத்தைக் கேட்டார். சம்மதம் இல்லாமல் தூக்கினால் பெயர் கெடும், தொடாதீர்கள் என்று பதில் வந்தது. தலைவர் தனிமனித உரிமையை மதிக்கிறவர்.

"உங்க பையில அது இருக்கா சார்?" என்றாள் மாரிக்கண்ணு.

"எது?"

"எம்பொண்ணு எனக்குக் கலந்தது."

இருந்தது. கண்டுபிடித்ததை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மாதிரிக் குப்பி ஒன்று குழுவின் பையில் எப்போதும் இருக்கும். "கொஞ்ச நாளைக்கு உடம்பைத் தாங்கும்," என்றார் பரஞ்சோதி தயக்கத்தோடு. "ஆனா அவங்களுக்குத் தெரியாம குடுக்கறது... அது தப்பும்மா."

"தப்புதான். வீட்டுக்குப் போனதும் எம்பொண்ணை நாலு அறை அறையப்போறேன்." அவள் கையை நீட்டினாள். "குடுங்க."

பரஞ்சோதி குப்பியைக் கொடுத்தார். அவள் எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் பிடித்து, அதை ஊற்றி, விரலாலேயே கலக்கினாள். குழந்தைகளுக்கு மருந்து கலந்து பழகிய கை. உள்ளே போய், சவரியம்மாளின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கஞ்சி வேண்டாம். தண்ணியாவது குடி. தண்ணி குடிச்சா விரதம் முறியாது."

சவரியம்மாள் சந்தேகத்தோடு இரண்டு மடக்குக் குடித்தாள். நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா இது, கொழகொழன்னு இருக்கு? என்னத்தைக் கலந்தே?"

"வெறும் தண்ணிதான்."

"உன்னை நம்ப மாட்டேன்." அவள் கண்ணை உயர்த்திப் பரஞ்சோதியைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க சார். கர்த்தர் மேல ஆணையா சொல்லுங்க. என்ன இது?"

தடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார் பரஞ்சோதி. மாரிக்கண்ணு அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. தம்ளரை அதே இடத்தில், உதட்டருகே, அசையாமல் பிடித்திருந்தாள்.

"வெறும் தண்ணிதான்மா," என்றார் அவர். "குடிங்க."

சவரியம்மாள் குடித்தாள்.